உள்ளங்கை நனையாத பனி

ஜனவரி 11

என் ஒரே அக்காவின் ஒரே மகளும், ஆய்வுக்கூடத்தில் வெளிச்சத்துக்கே உத்தரவு போடுபவளுமாகிய மருமகளுக்கு, மாமா எழுதுவது. இங்கே நான் மலை போல நலம். உன் அத்தை அந்த மலையை முறைத்துக்கொண்டு நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை வெளிச்சத்தையே குடித்துச் செடி மாதிரி வாழ ஆரம்பித்துவிட்டாயா?

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்காதே. கம்ப்ரஸர் பக்கத்திலேயே ஆயுளைக் கழித்ததில் என் காது இரண்டும் அலங்காரத்துக்குத்தான் இருக்கின்றன. தவிர, போனில் என் பெருமையை நான் பாதி சொல்வதற்குள் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

ஸ்பிரேயிலிருந்து வரும் துளியை நீ அளக்கிறாய் என்று அக்கா எழுதியதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. நாற்பது வருஷம் ஸ்பிரே கன்னைப் பிடித்த கை இது. நான் பெயிண்ட் அடித்த கார் மேல் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொள்ளும். ஒருவருடைய வண்டிக்குக் கறுப்பு அடித்துக் கொடுத்தேன். அவர் கதவில் தன் முகத்தையே பார்த்துவிட்டு, என் வண்டிக்குள் யாரோ உட்கார்ந்திருக்கிறான் என்று சண்டைக்கு வந்துவிட்டார். அப்பேர்ப்பட்ட வம்சத்தில் பிறந்தவள் வேறு என்ன வேலைக்குப் போவாள்? ஒன்றே ஒன்று, நான் துளியை அளந்ததில்லை. உள்ளங்கையை நீட்டுவேன். அது நனைகிற விதத்திலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

வீட்டுச் செய்திக்கு வருகிறேன். அத்தையின் நுரையீரலுக்காக டாக்டர் ஒரு நெபுலைசர் எழுதிக்கொடுத்தார் அல்லவா? மருந்தை ஒரு பிளாஸ்டிக் கப்பில் ஊற்றினால், மோட்டார் அடியிலிருந்து காற்றை ஊதி அதைப் பனியாக்கும். அந்தப் பனியை முகமூடி வழியாக இழுக்க வேண்டும். ஒரு தடவை ஊதி முடிக்க அரை மணி நேரம். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி. "அரை மணி நேரம் உங்க மூஞ்சியவே பார்த்துக்கிட்டு உக்காரணும்னு எந்த டாக்டர் படிப்புல எழுதியிருக்கு" என்று உன் அத்தை கேட்டாள். நியாயமான கேள்வி. அந்த மூஞ்சியை நானே அவ்வளவு நேரம் பார்ப்பதில்லை.

போன மாதம் அந்தக் கப்புக்கு ஓர் அறுவை சிகிச்சை செய்தேன். இப்போது டம்ளரில் டீ ஆறுவதற்குள் மருந்து தீர்ந்துவிடுகிறது. முன்பு வந்தது பெருமூச்சு. இப்போது வருவது அடைமழை. கையை நீட்டினால் சொட்டச் சொட்ட நனைகிறது. மருந்து தொண்டையில் கசக்கிறது என்று மட்டும் புகார். முன்பெல்லாம் கசந்ததே இல்லையாம். முன்பு மருந்து வந்திருந்தால்தானே கசக்கும் என்றேன். முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். வாதத்தில் உன் அத்தையை நான் வென்ற முதல் நாள் அது. காலண்டரில் குறித்துவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தூவல் உலகின் தனிப்பெரும் சக்கரவர்த்தி,
உன் மாமன்.


ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். வேளைக்குச் சாப்பிடுகிறேன். அத்தையையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

என் வேலையைப் பற்றி அம்மா உங்களிடம் என்ன சொன்னாளோ தெரியவில்லை. ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவர், மேஜை, திரை எல்லாம் கறுப்பு. உங்கள் கைவேலை இல்லை என்பதால் முகம் தெரியாது. மூடுபனியில் தெருவிளக்கைச் சுற்றி ஒரு வட்டம் தெரியுமே, பார்த்திருக்கிறீர்களா? பனித்துளி சின்னதாக இருந்தால் அந்த வட்டம் பெரிதாக விரியும். துளி பெரிதாக ஆக, வட்டம் விளக்கோடு ஒட்டிச் சுருங்கிவிடும். என் யந்திரத்துக்குத் தெரிந்த வித்தை அவ்வளவுதான். ஒரு பக்கம் லேசர், நடுவில் தூவல், மறுபக்கம் அந்த வட்டத்தை அளக்கும் ஒரு கண். எவ்வளவு வெளிச்சம் மறுபக்கம் வந்து சேரவில்லையோ, அதிலிருந்து தூவல் எவ்வளவு அடர்த்தி என்று கணக்கிடுவோம். எதையும் தொடுவதில்லை. உள்ளங்கையை நீட்டுவதும் இல்லை.

அறுவை சிகிச்சை என்றால் என்ன செய்தீர்கள் மாமா? விளக்கமாக எழுதுங்கள். அத்தைக்கு இப்போது இருமல் குறைந்திருக்கிறதா? அதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை.

அன்புடன்,
மருமகள்.


பிப்ரவரி 15

கறுப்பு அறையின் பட்டத்து இளவரசிக்கு,

இங்கு அனைவரும் நலம். அனைவரும் என்றால் நான். உன் அத்தையின் நலம் சற்றுச் சாய்மானமாக இருக்கிறது. கீழே விவரிக்கிறேன்.

அறுவை சிகிச்சை முறையைக் கேட்டிருந்தாய். அது தொழில் ரகசியம். அந்த ரகசியத்துக்காக எதிரிக் கடைக்காரர்கள் என்னை இரண்டு முறை கடத்தப் பார்த்தார்கள். என்னைத் தூக்க ஆள் போதாமல் விட்டுவிட்டுப் போனார்கள். சாகும்போது உன் காதில் சொல்கிறேன். அந்தத் தெருவிளக்கு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷம் அந்த வட்டத்தை என் கண்ணின் கோளாறு என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அத்தை இப்போது மகாராணி ஆகிவிட்டாள். படுத்துத் தூங்குவது சாதாரண ஜனங்களின் பழக்கம் என்று விட்டுவிட்டாள். முதுகுக்குத் தலையணைகளை அடுக்கிக்கொண்டு, சிம்மாசனத்தில் இருப்பது போல உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக்கொள்கிறாள். வீடு ரொம்ப நிம்மதியாக இருக்கிறது. அடுப்படியில் நின்றுகொண்டு தெருமுனையில் இருக்கும் என்னைத் திட்டுவாளே, அதெல்லாம் போயிற்று. ஆரம்பிக்கிறாள், பாதியில் நிறுத்திக் கையை மட்டும் ஆட்டுகிறாள். மீதித் திட்டை நானே சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு வார்த்தை பிசகுவதில்லை. தலையாட்டி ஒப்புக்கொள்கிறாள்.

டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார். நோய் வேகமாகப் போகிறது என்றார். போகட்டும், நாங்களும் வேகமாகத்தான் ஊதுகிறோம். ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு ஒரு ரசிகர் கிடைத்திருக்கிறார். ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர். அவருக்கும் இதே யந்திரம், இதே வியாதி. என் சிகிச்சையைக் கேட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். முன்பதிவு செய்திருக்கிறார்.

இப்படிக்கு,
யந்திரங்களின் குலதெய்வம்,
உன் மாமன்.


பிப்ரவரி 22

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அத்தை உட்கார்ந்து தூங்குவதை வேடிக்கையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கப்பை உடனே எனக்கு அனுப்புங்கள். நான் அளந்து பார்க்கிறேன். அதுவரைக்கும் கடையில் புதிதாக ஒன்று வாங்கிப் போடுங்கள். கட்டாயம் வாங்குங்கள்.

அத்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களையும்.

மருமகள்.


மார்ச் 3

அளவைகளின் அரசிக்கு,

நலம், நலமறிய ஆவல், கப் இத்துடன். மூன்று துணியில் சுற்றி, இரண்டு டப்பாவுக்குள் வைத்து, மேலே "உடையும்" என்று எழுதி, தபால்காரருக்கு எழுத்தில் நம்பிக்கை இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஓர் உடைந்த டம்ளரின் படமும் வரைந்திருக்கிறேன். அந்தப் படத்துக்காகவே உன் ஆய்வுக்கூடம் அதைச் சுவரில் மாட்ட வேண்டும்.

புதிது வாங்கச் சொன்னாய். எதற்கு? யந்திரத்தோடு இரண்டு கப் கொடுத்தார்கள். இரண்டாவதுக்கும் அறுவை சிகிச்சை முடிந்து அதுதான் இப்போது ஓடுகிறது. நன்றாகக் கொட்டுகிறது.

பார்சல் கட்டும்போது அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "அளக்கிற பொண்ணுகிட்ட சொல்லுங்க, கப்போட சேர்த்து உங்களையும் ஒரு தடவை அளந்து அனுப்பச் சொல்லி" என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. ஆனாலும் சொல்லி முடித்தாள். இந்த வாரத்தில் அவள் பேசிய பெரிய வாக்கியம் இதுதான் என்பதால் அப்படியே எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
அளவுக்கு அடங்காத
உன் மாமன்.


மார்ச் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடி ஏறாதே. இந்தக் கடிதம் மாமா கண்ணில் படக் கூடாது.

மாமா அனுப்பிய கப்பை அளந்தேன். முதல் தடவையிலேயே துளி மிகப் பெரிதாக வந்தது. நான் நம்பவில்லை. தப்பு என் மேஜையில்தான் என்று நினைத்தேன். பனி ரொம்ப அடர்த்தியாக இருந்தால் வெளிச்சம் ஒரு துளியில் பட்டு அடுத்த துளியில் மோதிக் கணக்கைக் குழப்பும். அதனால் கப்பைத் தள்ளி வைத்து, பனியை மெலிதாக்கி அளந்தேன். லென்ஸைத் துடைத்தேன். கண்ணாடியை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அதே பதில். இப்படியே நாள் ஓடிவிட்டது அம்மா. அங்கே அத்தை உட்கார்ந்தபடி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள், இங்கே நான் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அதே கம்பெனியின் புதுக் கப்பை வாங்கி இதன் பக்கத்தில் வைத்தேன். காற்று வரும் துவாரத்துக்கு நேர் எதிரே அரிசி அளவுக்கு ஒரு குமிழ் இருக்க வேண்டும். பெரிய துளியெல்லாம் அதில் மோதி உடைந்து திரும்பக் கப்புக்குள் விழும். பொடித்துளி மட்டும்தான் சுற்றிக்கொண்டு வெளியே வரும். அதனால்தான் அரை மணி நேரம் ஆகிறது. மாமா அந்தக் குமிழை வெட்டிவிட்டார். ஸ்பிரே கன்னுக்கு முன்னால் எது இருந்தாலும் அது பெயிண்டருக்கு அடைப்புதானே. வெட்டின இடத்தை வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார். கத்தி பட்ட தடமே இல்லை. இத்தனை நாள் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தும், இந்த மாடலே இப்படித்தான் போல என்று நினைத்துவிட்டேன். அவ்வளவு நல்ல வேலை.

அந்தப் பெரிய துளி நுரையீரலுக்குப் போகாது. தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் மோதி, வயிற்றுக்குள் இறங்கிவிடும். டாக்டர் மருந்தைக் கூட்டக் கூட்ட, தொண்டைதான் கசந்திருக்கிறது. ஏறக்குறைய நாலு மாதமாக அத்தையின் நுரையீரலுக்கு மருந்தே போகவில்லை.

மாமாவிடம் இதை எப்படி எழுதுவது? ஆரம்பித்து ஆரம்பித்துக் கிழித்துப் போடுகிறேன். நீ சொல்.

உன் மகள்.


ஏப்ரல் 4

என் கண்ணுக்கு,

அம்மா நல்லா இருக்கேன். முழங்கால் அப்படியேதான் இருக்கு. நீ ஒடம்பைப் பார்த்துக்கோ.

படிச்சேன். அடுப்புல பால் பொங்கி வழிஞ்சதுகூடத் தெரியாம உக்காந்திருந்தேன்.

சொல்லாதே. உனக்குத் தெரிஞ்சது உங்க மாமா பேசுற பேச்சு. எனக்குத் தெரிஞ்சது அவன் பேச்சு நின்னுபோன நாள். எங்க அப்பா போனப்ப அவன் வாயே திறக்கல. சாப்பாடு வெச்சா சாப்பிடுவான், கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பான், அவ்வளவுதான். அவனுக்குக் காது போச்சு, வேலை போச்சு. கைவேலைன்னு ஒரு பெருமைதான் மிச்சம். அந்தக் கையாலயே பொண்டாட்டி மூச்சை நிறுத்திட்டேன்னு தெரிஞ்சா அவ பொழைச்சாலும் இவன் பொழைக்க மாட்டான்.

புதுசை அனுப்பு. பழசு தேஞ்சுபோச்சுன்னு எழுது. அவன் நம்புற மாதிரி எழுது. அவளுக்கு மருந்து உள்ள போனா போதும், நமக்கு வேற என்ன வேணும்?

அம்மா.


ஏப்ரல் 7

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தாமதத்துக்கு மன்னியுங்கள். வேலை அதிகம்.

கப்பை அளந்துவிட்டேன். அது பழசாகிவிட்டது. பிளாஸ்டிக் என்பது வெதுவெதுப்பிலும் ஈரத்திலும் மருந்தின் காரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, கண்ணுக்குத் தெரியாத அளவில் உருமாறும். துவாரத்தின் ஓரங்கள் மழுங்கும். அதனால் துளி பெரிதாகிறது. இது எல்லாக் கப்புக்கும் நேர்வதுதான். உங்கள் கைவேலையில் எந்தக் குறையும் இல்லை.

புதிய கப் மூன்று அனுப்பியிருக்கிறேன். இன்றே மாற்றிவிடுங்கள். பழைய இரண்டாவது கப்பைக் குப்பையில் போடுங்கள். புதியதில் தயவுசெய்து கை வைக்காதீர்கள். உள்ளே இருப்பது எல்லாம் இருக்க வேண்டியதுதான். அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும் மாமா.

அத்தைக்கு என் முத்தம்.

மருமகள்.


மே 2

என் குலவிளக்குக்கு, சகல விருதுகளுக்கும் உரிய மாமன் ஆனந்தக் கண்ணீரோடு எழுதுவது.

நலம், நலம், நலம். உன் அத்தை படுத்துவிட்டாள். பதறாதே, படுத்துத் தூங்கிவிட்டாள் என்று சொல்ல வந்தேன். முதுகைக் கீழே வைத்து, காலை நீட்டி, குறட்டை விட்டு. என் காதுக்கே கேட்டது என்றால் பக்கத்து ஊரில் கதவைச் சாத்தியிருப்பார்கள். நான் விடிகிற வரைக்கும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நேற்று அடுப்படியிலிருந்து ஒரு முழுத் திட்டு வந்தது. ஆரம்பம், நடு, முடிவு, எல்லாம் சேர்ந்தது. என் உதவி தேவைப்படவில்லை.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நீ அனுப்பிய கப்பின் தூவல் சோனிப் பனி. உள்ளங்கையை நீட்டினேன், நனையவே இல்லை. கசப்பும் இல்லையாம். அரை மணி நேரம் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து, சொல்ல ஒன்றுமில்லாமல், கல்யாணத்துக்கு யார் யார் வராமல் போனார்கள் என்பது வரைக்கும் நான் பேசியும், முகமூடிக்குள் அவள் தலையாட்டியும் தீர்த்துவிட்டோம். எனக்கோ கை அரிக்கிறது. ஒரு சின்னக் கத்தி, ஒரு துண்டு வாட்டர் பேப்பர் இருந்தால் போதும். நீ கேட்டுக்கொண்டாய் என்பதற்காக அடக்கிக்கொண்டிருக்கிறேன்.

அரிப்பை வேறு இடத்தில் தீர்த்துக்கொண்டேன். கண்டக்டருக்குத் தயக்கம் இருந்தது. உன் கடிதத்தை எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். கோளாறு பழைய பிளாஸ்டிக்கில்தான், கைவேலையில் எந்தக் குறையும் இல்லை என்று லேசரே சான்றிதழ் கொடுத்திருக்கிறது என்றேன். அவருடையது புத்தம்புதுக் கப். தேயவில்லை, இளகவில்லை, அப்புறம் என்ன பயம்? பெஞ்சிலேயே வைத்துச் சிகிச்சையை முடித்துக் கொடுத்துவிட்டேன். இப்போது அவருக்கும் டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிடுகிறதாம். பெஞ்சில் இன்னும் இருவர் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
லேசரின் சான்றிதழ் பெற்ற ஒரே பெயிண்டர்,
உன் மாமன்.


மே 6

மாமா,

கூரியரில் அனுப்புகிறேன். போன் செய்தேன். அத்தை எடுத்தார்கள். பேசாமல் வைத்துவிட்டேன்.

நான் எழுதியது பொய். பிளாஸ்டிக் தேயவில்லை. நீங்கள் வெட்டிய குமிழ் அடைப்பு இல்லை. பெரிய துளியைத் தடுத்து நிறுத்துவதற்காக வைத்தது. அது இல்லாவிட்டால் மருந்து தொண்டையோடு நின்றுவிடும், நுரையீரலுக்குப் போகாது. உள்ளங்கையை நனைக்கிற துளி உள்ளே போகிற துளி இல்லை.

கண்டக்டர் வீட்டுக்கு இன்றைக்கே போங்கள். நான் அனுப்பியதில் ஒரு கப்பை அவருக்குக் கொடுங்கள். பெஞ்சில் இருக்கும் மற்றவர்களிடமும் சொல்லுங்கள்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அத்தைக்கு மருந்து உள்ளே போனால் போதும் என்று நினைத்தேன். உங்கள் கை வேறு வீடுகளுக்கும் போகும் என்று யோசிக்கவில்லை.

மருமகள்.


ஜூலை 19

மருமகளுக்கு,

மாமா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தியை அக்கா சொன்னாள்.

அத்தையின் காரியத்துக்கு நீ வந்திருந்தபோது நாம் பேசிக்கொள்ளவில்லை. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். நீ என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று கேட்டால் இப்போதும் சொல்வேன். அன்றைக்குச் சொல்லாததை எழுதுகிறேன்.

உன் கூரியர் வந்ததும் வாசலிலேயே நின்று படித்தேன். சட்டை மாற்றாமல் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். அவர் முகமூடியோடு உட்கார்ந்திருந்தார். மோட்டாரை நிறுத்தினேன். உன் பொய் என் சட்டைப்பையில் தயாராக இருந்தது. கப் பழசாகிவிட்டது என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு வந்துவிடலாம். ஆனால் அவருடையது புதுக் கப். அந்தப் பொய் அதற்குப் பொருந்தவில்லை. அதனால் சொன்னேன்.

"நான் வெட்டினது தப்புங்க. இது உள்ள போகாது. இனிமே இதை ஊதாதீங்க."

அவர் கோபப்படவில்லை. கப்பை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அப்ப உங்க வீட்டுல?"

மாத்திட்டோம் என்றேன். எப்பொழுது என்று அவர் கேட்கவில்லை. பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்துவிட்டு, பாவம் என்று விட்டுவிடுகிற முகத்தை நீ பார்த்திருக்கிறாயா? அந்த முகத்தோடு எனக்குத் தண்ணீர் கொடுத்தார். பெஞ்சில் இருந்த மற்ற இருவரின் கப்பில் நான் இன்னும் கை வைத்திருக்கவில்லை. அந்த மட்டுக்கும் என் சோம்பல் காப்பாற்றியது.

வீட்டுக்கு வந்தேன். குப்பையில் போடச் சொன்னாயே, அந்த இரண்டாவது கப், அதை நான் போடவில்லை. என் கைவேலையை நான் ஒருநாளும் குப்பையில் போட்டதில்லை. அத்தை படுத்திருந்தாள். கூடத்தில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை என் முகத்துக்கு நேரே நிறுத்தி, நடுவில் வெறும் தண்ணீரை ஊதவிட்டுப் பார்த்தேன். உன் கப்பில் வெளிச்சம் ஒரு தட்டு அளவுக்கு விரிந்தது. என் கப்பில் பல்போடு ஒட்டிக்கொண்டு அப்படியே நின்றது. திரும்பத் திரும்ப மாற்றிப் பார்த்தேன். நீ கண்ணாடியைத் துடைத்த மாதிரி நானும் டார்ச்சைத் துடைத்தேன்.

இருட்டில் அப்படி என்ன செய்கிறீர்கள் என்று உன் அத்தை உள்ளேயிருந்து கேட்டாள். ஒரு சாமானைத் தேடுகிறேன் என்றேன்.

"தேடாதீங்க" என்றாள். "கெடைச்சிடப் போகுது."

அவளுக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. அவளும் அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. சளி பிடித்தது ஜூன் ஆரம்பத்தில். மற்றவர்களுக்கு வந்துபோகிற சாதாரணச் சளி. அதைத் தாங்க அந்த நுரையீரலில் ஒன்றும் மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி, பேனாவை மூடி வைத்தார். எதையாவது சொல்லித் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்ட வேண்டியவள் பக்கத்து அறையில் இருந்தாள்.

நீ பொய் எழுதியதற்காக என் மேல் உனக்குப் பயமோ உன் மேல் உனக்கே கோபமோ வேண்டாம். அக்கா சொல்லித்தான் எழுதினாய் என்று அவளே, நீ அவளுக்கு எழுதிய கடிதத்தையும் காட்டி, அழுதுகொண்டு சொன்னாள். பொய்யிலும் உனக்கு இன்னும் கை பழகவில்லை. மேல்பூச்சைக் கனமாக அடித்தால் வழியும். வெதுவெதுப்பு, ஈரம், காரம் என்று உன் கடிதம் அன்றைக்கே வழிந்துதான் இருந்தது. நான்தான் உரசிப் பார்க்கவில்லை. கைவேலையில் குறை இல்லை என்கிற ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நான் அனுப்பிய கப் உன் கறுப்பு அறையில் ஏதாவது அலமாரியில் இருக்கும். மேலே ஒரு சீட்டு ஒட்டியிருப்பாய். அதில் பழைய பிளாஸ்டிக் என்று எழுதியிருந்தால் கிழித்துவிடு. பெயிண்டர் வெட்டியது என்று எழுது. நாளைக்கு வேறு யாராவது அதைக் கையில் எடுத்து, எவ்வளவு நல்ல வேலை என்று நினைத்துவிடக் கூடாது.

கண்டக்டருக்குப் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லை. மாலையில் அவர் வீட்டுக்குப் போகிறேன். நீ அனுப்பிய கப்பில்தான் ஊதுகிறார். அவர் முகமூடியைப் போட்டுக்கொண்டதும் எதிர் நாற்காலியில் உட்காருகிறேன். நான் எதுவும் பேசுவதில்லை, அவருக்கும் பேச முடியாது. முகமூடியின் ஓரத்தில் கொஞ்சம் பனி கசியும். அதில் உள்ளங்கையை நீட்டிப் பார்க்கிறேன். நனையவில்லை. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. அரை மணி நேரம் ஆகிறது.

ஆகட்டும்.

மாமா.